விமானம் எப்போது கிளம்பும் என்று கேட்காதீர்கள், ஏன் நிற்கிறது என்று கேளுங்கள்

வாயிலுக்கு மேலே பலகையில் 22:30 என்று இருந்தது 23:15 ஆகும். அரை மணி கழித்து 00:10. அப்புறம் நேரமே மறைந்துபோய், அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்கவும் என்ற ஒரு வரி மட்டும் நிற்கும். கவுன்டரைச் சுற்றிக் கூட்டம் கூடும். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எப்போது கிளம்பும்?" அங்கே நிற்கும் ஊழியருக்குப் பலகையில் தெரிவதற்கு மேல் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஆனால் "எதனால் தாமதம்?" என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியும். தாமதம் எவ்வளவு நீளும், இணைப்பு விமானத்தை இப்போதே மாற்ற வேண்டுமா, இழப்பீடு கிடைக்குமா என்பதெல்லாம் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. கேட்ட பதிலை நேரத்தோடு போனில் குறித்து வையுங்கள். நாளைக்கு நிறுவனம் வேறு காரணம் சொன்னால் இந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

"வர வேண்டிய விமானம் வரவில்லை" என்பது பதிலானால் யாரையும் நம்பிக் காத்திருக்கத் தேவையில்லை. ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலியில் உங்கள் விமான எண்ணைப் போட்டால், எந்தப் பதிவெண் கொண்ட விமானம் வரப்போகிறது, அது இப்போது எங்கே பறக்கிறது என்று பெரும்பாலும் காட்டிவிடும். நீண்டதூரப் பெரிய விமானம் தரையிறங்கிப் பயணிகளை இறக்கி, சுத்தம் செய்து, உணவும் எரிபொருளும் சாமான்களும் ஏற்றி மறுபடி கிளம்ப ஒன்றரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். அது 23:00 மணிக்குத்தான் இறங்கும் என்றால், பலகை 23:30 என்று சொல்வதில் அர்த்தமில்லை.

வானிலை என்றால் கணக்கே வேறு. மின்னல் அருகில் வந்துவிட்டால் தரைப் பணியாளர்களை விமானத்தின் பக்கத்திலிருந்து உள்ளே அழைத்துவிடுவார்கள். சாமான் ஏற்றுவதும் எரிபொருள் நிரப்புவதும் அப்படியே நிற்கும். மழை விட்ட பிறகும் எல்லா விமானங்களும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பதால், புயல் அரை மணி என்றால் தாமதம் இரண்டு மணி ஆகலாம். ஐரோப்பிய வான்வெளியில் நெரிசல் இருக்கும்போது ஒவ்வொரு விமானத்துக்கும் புறப்பாட்டு ஸ்லாட் தருகிறார்கள். குறித்த நேரத்துக்கு 5 நிமிடம் முன்பிலிருந்து 10 நிமிடம் பின்புவரை, மொத்தம் கால் மணிதான் அந்த அவகாசம். அதைத் தவறவிட்டால் அடுத்த ஸ்லாட் ஒரு மணி நேரம் தள்ளியும் வரலாம்.

ஒரு பயணி சாமானைப் போட்டுவிட்டு வாயிலுக்கு வராமல் போனால், அவருடைய பெட்டியைத் தேடி இறக்காமல் சர்வதேச விமானம் கிளம்பாது. பெட்டி எந்தக் கொள்கலனில், எத்தனை பெட்டிகளுக்கு அடியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இருபது நிமிடமும் ஆகலாம், நாற்பதும் ஆகலாம். இதற்காகப் பொறுமை இழப்பவர்கள் 1985 ஜூன் 23-ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். ஏர் இந்தியா 182-இல் பெட்டியை மட்டும் ஏற்றிவிட்டு அதற்குரியவர் ஏறவில்லை. அந்தப் பெட்டியில் இருந்த வெடிகுண்டு அயர்லாந்துக்கு அருகே கடலுக்கு மேல் வெடித்து 329 பேர் இறந்தார்கள்.

தொழில்நுட்பக் கோளாறு என்றால் பதறுவதற்கு முன் இன்னொரு கேள்வி கேளுங்கள்: "உதிரி பாகம் இங்கேயே இருக்கிறதா?" ஒவ்வொரு விமான வகைக்கும் எது எது பழுதாக இருந்தாலும் பறக்கலாம், எத்தனை நாளைக்குள் சரிசெய்தாக வேண்டும் என்று ஒப்புதல் பெற்ற பட்டியல் ஒன்று உண்டு. சிலவற்றுக்கு 3 நாள், சிலவற்றுக்கு 10 நாள், சிலவற்றுக்கு 120 நாள். பட்டியல் அனுமதிக்கும் பழுதானால் பொறியாளர் ஆவணத்தில் எழுதிக் கையெழுத்திட்டதும் கிளம்பிவிடலாம். அரை மணி, ஒரு மணியில் முடிந்துவிடும். பட்டியல் அனுமதிக்காத பழுதாக இருந்து, பாகமும் வேறு ஊரிலிருந்து வர வேண்டும் என்றால், அன்று இரவு பயணம் இல்லை என்றே எடுத்துக்கொண்டு மாற்று ஏற்பாட்டில் இறங்குங்கள். ஓடுபாதையில் வேகமெடுத்துவிட்டு விமானி பிரேக் பிடித்து நிறுத்திவிட்டால், கோளாறு சின்னதாக இருந்தாலும் பிரேக்குகள் ஆறும்வரை கிளம்ப மாட்டார்கள். அந்தச் சூட்டில் டயர் வெடிக்காமல் இருக்க, சக்கரத்தில் உள்ள உருகும் அடைப்பான்கள் காற்றை வெளியேற்றிவிட்டிருந்தால் சக்கரங்களையே மாற்ற வேண்டிவரும்.

இரண்டு மணி நேரத் தாமதம் திடீரென்று பன்னிரண்டு மணி நேரமாக மாறுவது பெரும்பாலும் வேறொரு காரணத்தால். அது பணியாளர்களின் பணி நேர வரம்பு. விமானிகளின் கடிகாரம் விமானம் கிளம்பும்போது ஓட ஆரம்பிப்பதில்லை, அவர்கள் பணிக்கு வந்து கையெழுத்திட்டதுமே ஓடத் தொடங்கிவிடுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 22:30 விமானத்துக்குக் குழு 21:00 மணிக்கு வந்துவிட்டது. அவர்களுக்கு அன்று அனுமதிக்கப்பட்ட பணி நேரம் 12 மணி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் காலை 09:00 மணிக்குள் சேருமிடத்தில் எஞ்சினை அணைத்தாக வேண்டும். பயணம் எட்டரை மணி நேரம் என்றால் 00:30-க்குள் வாயிலை விட்டு நகர வேண்டும். 00:45-க்குக் கோளாறு சரியாகிவிட்டால் விமானம் தயார், குழுவுக்கு நேரம் முடிந்துவிட்டது. வேறு குழு வர வேண்டும், இல்லையேல் இதே குழு ஓய்வெடுத்துவிட்டு வர வேண்டும். அமெரிக்க விதிப்படி பணிக்கு முன் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தடையின்றித் தூங்க வாய்ப்பு. 2009-இல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்த பிறகு எழுதப்பட்டு, 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி இது.

எதிர்பாராத சூழலில் கொஞ்ச நேரம் நீட்டிக்கப் பல நாட்டு விதிகள் இடம் தருகின்றன. ஆனால் அதற்குத் தலைமை விமானி சம்மதிக்க வேண்டும். அவர் "என்னால் முடியாது" என்று சொன்னால் அவர்மேல் கோபப்படாதீர்கள். களைத்துப்போனவர் நம்மை ஓட்டிச் செல்ல வேண்டாம் என்பதற்காகத்தான் அந்த உரிமையே அவரிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. இதிலிருந்து பயணிக்குக் கிடைக்கும் துப்பு ஒன்று உண்டு. விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் மாற்றுக் குழு தயாராக இருக்கும், வெளியூரில் பெரும்பாலும் இருக்காது. ஆகவே வெளியூரிலிருந்து கிளம்பும் இரவு விமானம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால், ரத்து அறிவிப்பு வருமுன்பே மாற்று வழி தேடத் தொடங்குங்கள்.

அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் நடந்த விபத்தை விடப் பெரிய பாடம் கிடையாது. 1977 மார்ச் 27. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்களை டெனெரிஃப்பின் சிறிய லாஸ் ரோதியோஸ் நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். மணிக்கணக்கில் தாமதம். நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவன விமானத்தின் குழுவுக்குப் பணி நேர வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது, மூடுபனியும் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து புறப்பாட்டு அனுமதி வராமலே தலைமை விமானி ஓடுபாதையில் வேகமெடுத்தார். அதே ஓடுபாதையில் அமெரிக்காவின் பான் ஆம் நிறுவன விமானம் எதிரே வந்துகொண்டிருந்தது. 583 பேர் இறந்தார்கள். விமானியறையில் இளையவர் மூத்தவரைத் தடுத்துப் பேசலாம், பேச வேண்டும் என்ற பயிற்சிமுறை உலகெங்கும் பரவியதற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். 'டேக் ஆஃப்' என்ற சொல்லை உண்மையான புறப்பாட்டு அனுமதியின்போது மட்டுமே உச்சரிப்பது என்ற ஒழுங்கும் அதன் பிறகு வந்ததுதான். வாயிலில் நின்று கத்திக் குழுவை அவசரப்படுத்துபவர்கள் இதை ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும்.

காரணம் தெரிந்துவிட்டதா, இனி வேலை. தாமதம் இணைப்பு விமானத்தைக் கெடுக்கும் என்று தெரிந்த நிமிடமே மூன்று வழியையும் ஒரே நேரத்தில் பிடியுங்கள். வரிசையில் நில்லுங்கள், நின்றபடியே வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்யுங்கள், செயலியையும் திறந்து வையுங்கள். முந்நூறு பேருக்கு இரண்டு கவுன்டர் என்றால் போன்தான் பெரும்பாலும் முந்தும். வேறொரு நாட்டில் இருக்கும் அதே நிறுவனத்தின் எண்ணை அழைத்தாலும் உங்கள் பி.என்.ஆர்.-ஐப் பார்க்க முடியும், வரிசையும் குறைவாக இருக்கும். வெறுமனே "ஏதாவது செய்யுங்கள்" என்று கேட்பதைவிட, மாற்று விமானத்தின் எண், நேரம், எந்த ஊர் வழி என்று தேடி வைத்துக்கொண்டு "இதில் இடம் இருக்கிறது, இதில் மாற்றித் தாருங்கள்" என்று கேட்டால் காரியம் சீக்கிரம் நடக்கும். அந்த நிறுவனம் இருக்கும் விமானக் கூட்டணியைச் சேர்ந்த மற்ற நிறுவனங்களின் விமானங்களையும் சேர்த்துத் தேடுங்கள்.

இப்படி மாற்றிக் கேட்கும் உரிமை முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால்தான். இரண்டு பயணத்தைத் தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தால், முதல் நிறுவனம் தாமதித்ததற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. நீங்கள் வராதவர் என்று எழுதிவிட்டு, அதே டிக்கெட்டில் மீதமிருக்கும் பயணங்களையும் ரத்து செய்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தனித்தனியாக வாங்குவதானால் நடுவில் ஓர் இரவாவது விடுங்கள். முக்கியமான பயணத்துக்கு அப்படி வாங்கவே கூடாது என்பதுதான் எங்கள் கருத்து. எந்தச் சூழலிலும் முதல் கட்டத்தை நீங்களாகக் கைவிட்டு அடுத்த ஊரிலிருந்து ஏறிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நிறுவனத்திடம் சொல்லி டிக்கெட்டைத் திருத்தாமல் போனால் அங்கே உங்களுக்கு இடம் இருக்காது.

இரவு தங்க வேண்டியிருந்தால் பலரும் மறப்பது விசா. நிறுவனம் தரும் ஓட்டல் நகரத்துக்குள் இருந்தால் குடிவரவைத் தாண்ட வேண்டும். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அந்த நாட்டில் விசா தேவை என்றால் ஓட்டல் சீட்டு கையில் இருந்தும் வெளியே போக முடியாது. கவுன்டரில் முதலிலேயே இதைச் சொல்லுங்கள். விமான நிலையத்தின் உள்பகுதியிலேயே ஓட்டல் இருக்கிறதா, தற்காலிக அனுமதிக்கு நிறுவனம் ஏற்பாடு செய்யுமா என்று கேளுங்கள். மாற்று வழியில் அனுப்புகிறேன் என்றாலும் புதிய இடைநிறுத்த நாட்டுக்கு இதே கேள்வி உண்டு. சில நாடுகளில் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும். பதிவு செய்த பெட்டி இரவு முழுக்க அவர்களிடமே இருக்கலாம். அதனால் மூன்று நாள் மருந்து, மருத்துவச் சீட்டு, ஒரு மாற்று உடை, சார்ஜர், குழந்தைக்கு வேண்டியவை இவ்வளவும் கைப்பையிலேயே இருக்க வேண்டும். மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் கைப்பைத் திரவங்களுக்கான 100 மில்லி வரம்பிலிருந்து பொதுவாக விலக்கு உண்டு, பாதுகாப்புச் சோதனையில் தனியே எடுத்துக் காட்டுங்கள்.

பணம் பற்றி. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும், வெளியிலிருந்து அங்கே போகும் ஐரோப்பிய நிறுவனத்தின் விமானத்துக்கும் 2004-இன் 261-ஆம் எண் விதி பொருந்தும். சேருமிடத்தை 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடைந்தால் தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் தாமதம் 4 மணிக்குள் இருந்தால் 600-ஐப் பாதியாக்கலாம். இந்த விதியைத் திருத்தும் பேச்சு நடந்துவருகிறது, ஆகவே கேட்குமுன் நடப்பில் உள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட அசாதாரணச் சூழல் என்றால் இழப்பீடு இல்லை. வழக்கமான தொழில்நுட்பக் கோளாறு அசாதாரணச் சூழல் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-இலேயே சொல்லிவிட்டது, பறவை மோதல் ஆகும் என்று 2017-இல் சொன்னது. காரணத்தை எழுதி வையுங்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான். இழப்பீடு கிடைக்காத சூழலிலும் சாப்பாடும் தங்குமிடமும் தரும் கடமை நிறுவனத்துக்கு உண்டு. அவர்கள் தராமல் நீங்களே செலவழித்தால் ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள். வவுச்சர் கொடுத்தால், ரொக்கத்துக்கான உரிமையைக் கைவிடுவதாக அதில் எழுதியிருக்கிறதா என்று வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து வரும் சர்வதேச விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போய், மாற்று ஏற்பாட்டை நீங்கள் ஏற்கவில்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அங்கே சர்வதேச விமானத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு தரையிலேயே நிறுத்தி வைக்க 4 மணி நேரம்தான் வரம்பு, 2 மணி நேரத்துக்குள் தண்ணீரும் ஏதாவது உணவும் தந்தாக வேண்டும். இதைத் தவிர, பெரும்பாலான நாடுகள் சேர்ந்துள்ள 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது. அது நிலையான தொகை தராது, தாமதத்தால் உங்களுக்கு உண்மையில் ஆன செலவை ரசீதோடு நிரூபித்தால் ஒரு வரம்புவரை கேட்கலாம். சாமானுக்கு அதில் உள்ள காலக்கெடுவை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம்: சேதம் என்றால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தது என்றால் கையில் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்துப்பூர்வப் புகார், வழக்குப் போட 2 ஆண்டு. பெட்டி வரவில்லை என்றால் சுங்கத்தைத் தாண்டி வெளியே போகுமுன் சாமான் கவுன்டரில் பி.ஐ.ஆர். என்ற சாமான் புகார்ப் படிவத்தைப் பதிவு செய்து எண்ணை வாங்குங்கள். வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து சொன்னால் எளிதில் எடுபடாது. பயணக் காப்பீடு இருந்தால் தாமதத்தின் நேரமும் காரணமும் எழுதிய கடிதம் ஒன்றையும் நிறுவனத்திடமிருந்து அன்றே வாங்கிவிடுங்கள்.

டிக்கெட் வாங்கும்போது விலைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'இயக்குவது' என்று ஒரு பெயர் இருக்கும். நீங்கள் பணம் கட்டும் நிறுவனம் ஒன்றாகவும் உண்மையில் பறக்கவைக்கும் நிறுவனம் வேறாகவும் இருக்கலாம். பாதுகாப்பைப் பார்க்க வேண்டியது இரண்டாவது பெயரில். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் ஐயோசா என்ற பாதுகாப்புத் தணிக்கைப் பதிவேடு பொதுவில் கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தன் வான்வெளியில் தடை செய்த நிறுவனங்களின் பட்டியலையும் வெளியிடுகிறது, நீங்கள் ஐரோப்பாவுக்குப் போகாவிட்டாலும் அதைப் பார்ப்பது நல்லது. விமானத்தின் வயதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நன்றாகப் பராமரித்த இருபது வயது விமானத்தில் தயங்காமல் ஏறலாம்.

பவர் பேங்க் கைப்பையில்தான், பதிவுப் பெட்டியில் ஒருபோதும் கூடாது. வரம்பு 100 வாட் மணி, 160 வரை நிறுவனத்தின் அனுமதியோடு. மில்லி ஆம்பியர் மணியை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட் மணி வந்துவிடும். 20,000 என்றால் 74, 27,000 என்றால் 99.9. தலைக்கு மேல் பெட்டகத்தில் போடாமல் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். புகையை முதல் நொடியிலேயே பார்த்தால்தான் பணியாளர்களால் அணைக்க முடியும். போன் இருக்கையின் இடுக்கில் விழுந்துவிட்டால் இருக்கையை நகர்த்தாமல் பணியாளரைக் கூப்பிடுங்கள், நசுங்கிய பேட்டரி தீப்பிடிக்கும்.

ஏறி உட்கார்ந்ததும் பெல்ட்டின் கொக்கியை ஒருமுறை போட்டுக் கழற்றிப் பாருங்கள். காரில் பொத்தானை அழுத்துகிறோம், விமானத்தில் மூடியைத் தூக்க வேண்டும். பதற்றத்தில் கை பழகிய இடத்தைத்தான் தேடும். பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்த பிறகும் பெல்ட்டைத் தளர்வாகவாவது போட்டிருங்கள். 2024 மே 21-இல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்.க்யூ. 321 விமானம் குலுங்கியபோது, பெல்ட் போடாதவர்கள் மேலே எறியப்பட்டுக் கீழே விழுந்தது எல்லாம் ஐந்து வினாடிக்குள் முடிந்துவிட்டது. ஆக்சிஜன் முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்கு, அப்புறம் குழந்தைக்கு. 35,000 அடியில் காற்றழுத்தம் போய்விட்டால் தெளிவாகச் செயல்பட அரை நிமிடமிருந்து ஒரு நிமிடம்தான் கிடைக்கும். உயிர்காப்பு உடையை வாசலைத் தாண்டிய பிறகே ஊத வேண்டும். 1996-இல் கொமொரோஸ் தீவுகள் அருகே எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 961 விமானம் கடலில் இறங்கியபோது, உள்ளேயே ஊதிக்கொண்டவர்கள் தண்ணீர் ஏறியதும் மிதந்து கூரையோடு ஒட்டிக்கொண்டு வெளியேற முடியாமல் போனார்கள்.

2024 ஜனவரி 2-இல் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் 516 தரையிறங்கும்போது கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. உள் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. எட்டு வாசல்களில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது. அப்படியும் அதிலிருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பெட்டியை எடுக்க யாரும் நின்று வழியை அடைக்காததும் அதற்கு ஒரு காரணம். பாஸ்போர்ட்டும் போனும் உடம்போடு ஒட்டிய பையில் இருந்தால் பெட்டியை விட்டு ஓடுவதற்கு மனம் தயங்காது. புறப்படும்போதும் இறங்கும்போதும் காலணியைக் கழற்றாதீர்கள். உங்கள் வரிசையிலிருந்து முன்னால் உள்ள வாசலுக்கு எத்தனை இருக்கைகள், பின்னால் உள்ளதற்கு எத்தனை என்று கையால் முதுகுச் சாய்வைத் தொட்டு எண்ணுங்கள். புகை நிறைந்துவிட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது, விரல்கள் எண்ணிக்கொண்டுதான் போக வேண்டும்.